கிரைனாய்டு ஃபாசில் பாக்ஸ் ரிவ்யூ: தண்டுத் துண்டுகளுக்காக வாங்கலாம், பெரிய பலகைக்காக வேண்டாம்

ஃபாசில் (புதைபடிவம்) மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில கிரைனாய்டு (ஒரு வகைக் கடல் விலங்கு) கலெக்‌ஷன் பாக்ஸ்னு ஒண்ணு போட்டிருந்தாங்க, அதை வாங்கி ஒவ்வொண்ணா லென்ஸ் வச்சு பாத்துட்டுதான் இதை எழுதறேன். கடை பேரு சொல்லல, ஏன்னா இதே மாதிரி பாக்ஸ் பல பேர் விக்கிறாங்க, உள்ள வர்றதும் பெரும்பாலும் இதேதான், அதனால நீங்க எங்க வாங்கினாலும் இதுல சொல்றது உதவும். என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. அந்த மூணரையில பெரும்பகுதி ஒரு ஜிப் கவருக்குள்ள கிடந்த தண்டுத் துண்டுகளுக்குத்தான், விளம்பரத்துல பெருசா போட்டோ போட்டு காட்டின அந்தப் பலகைக்கு இல்ல.

உள்ள இருக்கறது: ஒரு கவர் நிறைய தண்டுத் துண்டுகள், ஒரு கிண்ணம் (அதாவது உடம்போட மையப்பகுதி), பாலிஷ் போட்ட ஒரு சுண்ணாம்புக்கல் வில்லை, மொராக்கோவுலேர்ந்து வந்த ஒரு பலகை, ஒரு சின்ன லென்ஸ், ஒரு விளக்க அட்டை. பேக்கிங் நல்லா இருந்துச்சு, எதுவும் உடையல, அதைப் பத்தி மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

கிரைனாய்டு பத்தி இப்பதான் கேள்விப்படறவங்களுக்காக ரெண்டு வரி. பாக்க பூ மாதிரி தெரியும், ஆனா இது முழுக்க முழுக்க விலங்கு, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை எல்லாம் சேர்ந்த முட்தோலி கூட்டத்துல இதுவும் ஒண்ணு. கடல் தரையில ஒரு பிடிப்பு, அதுலேர்ந்து மேல ஒரு தண்டு, தண்டு உச்சியில கிண்ணம், கிண்ணத்துலேர்ந்து விரியற கைகள். ஆர்டோவிசியன் காலத்துலேர்ந்து, அதாவது ஏறக்குறைய 48 கோடி வருஷமா கடல்ல இருக்கு, இன்னிக்கும் 600க்கும் மேல இனங்கள் உயிரோட இருக்கு. விளக்க அட்டையில முதல் வரியே "கடல்ல வளர்ந்த பழங்காலத் தாவரம்"னு அச்சடிச்சிருக்காங்க! ஃபாசில் விக்கறதையே தொழிலா வச்சிருக்கறவங்க இதை சரிபாக்காம அனுப்பறது எனக்கு ரொம்பவே வருத்தமா இருந்துச்சு, ஏன்னா இந்த பாக்ஸ் பெரும்பாலும் பிள்ளைங்க கைக்குத்தான் போகும், அவங்க முதல்ல படிக்கிறதே தப்பா இருந்தா அப்புறம் அதை மாத்தறது கஷ்டம்.

சரி, தண்டுத் துண்டுகளுக்கு வர்றேன். லேபிள்ல அமெரிக்காவோட இண்டியானா, மிசிசிப்பியன் காலம்னு போட்டிருக்கு, அதாவது 35.9 கோடியிலேர்ந்து 32.3 கோடி வருஷத்துக்கு முன்னாடி. அந்தக் காலத்தை "கிரைனாய்டுகளோட யுகம்"னே சொல்லுவாங்க, அப்போ ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் வட அமெரிக்கக் கண்டத்தோட பெரும்பகுதியை மூடியிருந்துச்சு, அதுல இவை அவ்வளவு அடர்த்தியா வளர்ந்து செத்து உதிர்ந்ததால சில பாறை அடுக்குகள் கிட்டத்தட்ட இவற்றோட எலும்புத் துண்டுகளாலேயே ஆனது, அயோவா, இல்லினாய், மிசூரி பக்கம் இருக்கற பர்லிங்டன் சுண்ணாம்புக்கல் அதுக்குப் பேர் போனது. மிசூரி மாநிலம் 1989-ல கிரைனாய்டையே தன்னோட அதிகாரபூர்வ ஃபாசிலா அறிவிச்சிருக்கு.

ஒரு துண்டை எடுத்து படுக்க வச்சு லென்ஸ்ல பாருங்க. வட்டமா ஒரு தகடு, நடுவுல ஒரு துளை, விளிம்பைச் சுத்தி நடுவைப் பாத்து ஓடற மெல்லிய வரிகள். நடுத்துளை சும்மா இல்ல, நரம்பும் திசுவும் கிண்ணத்துலேர்ந்து கீழ பிடிப்பு வரைக்கும் அது வழியாத்தான் போச்சு. வரிகள் எதுக்குன்னா, ஒரு தகட்டோட மேடு அடுத்த தகட்டோட பள்ளத்துல உக்காரும், அதனால தண்டு வளையலாம், ஆனா தகடுகள் வழுக்கி விலகாது. கவர்ல ரெண்டு மூணு தகடு இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கற துண்டுகளும் இருக்கு, அதை பக்கவாட்டுல பாத்தா இந்தப் பொருத்தம் ரம்பப் பல்லு வரியா தெரியும். இதை கையில வச்சு திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம், நான் இருந்தேன்.

இன்னொண்ணு, உடைஞ்ச ஒரு துண்டை விளக்கு கிட்ட காட்டுங்க, உடைஞ்ச முகம் பளிச்சுன்னு ஒரே தளமா மின்னும். காரணம் ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு கால்சைட் (சுண்ணாம்புக்கல்லோட முக்கியக் கனிமம்) படிகம். உயிரோட இருந்தப்போ அது முழுத் திடமா இல்ல, துளைகள் நிறைஞ்ச வலைப்பின்னல், அந்தத் துளைகளுக்குள்ள உயிருள்ள திசு ஓடிக்கிட்டிருந்துச்சு, அதனால எலும்பு கனமும் குறைவு விரிசல் ஓடறதும் கஷ்டம். செத்தப்புறம் அந்தத் துளைகள்ல கால்சைட் அதே படிக ஒழுங்குலயே நிறைஞ்சுட்டதால இப்போ உடைச்சா கால்சைட் எப்படி உடையுமோ அப்படியே உடையுது. கண்ணாடியில வார்த்த போலியோ பிசின்ல வார்த்த போலியோ இப்படி உடையாது, அதனால சந்தேகம் இருந்தா இதுவே நல்ல டெஸ்ட்.

தண்டுல தசை கிடையாது, தகடுகளை இழுத்துக் கட்டி வச்சிருந்தது இணைப்பு நார்கள்தான். முட்தோலிகளுக்கே உரிய ஒரு விசேஷம் என்னன்னா அந்த நாரை நரம்பு கட்டளைப்படி இறுக்கவும் தளர்த்தவும் முடியும், இறுக்கிட்டா சக்தி எதுவும் செலவழிக்காம தண்டு நிமிர்ந்து நிக்கும், நீரோட்டம் வலுத்தா தளர்த்தி வளைஞ்சு குடுக்கலாம். இதே விஷயம்தான் அதோட ஃபாசிலுக்கு எதிரியும், செத்த சில நாள்லயே நார் அழுகி எல்லாத் தகடும் தனித்தனியா உதிர்ந்துடும். அதனாலதான் உலகத்துல கிடைக்கற கிரைனாய்டு ஃபாசில்ல மிகப் பெரும்பகுதி இந்த மாதிரி உதிரித் தகடுகள். இங்கிலாந்தோட நார்தம்பர்லண்ட் கடற்கரையில இவற்றைப் பொறுக்கி ஜெபமாலையா கோத்திருக்காங்க, புனித கத்பர்ட் மணிகள்னு பேரு, அது இடைக்காலத்துக் கதை.

என் கவர்ல வட்டத் தகடுகள் மட்டும் இல்லாம முட்டை வடிவத்துல சிலதும் இருந்துச்சு, முகத்துல குறுக்க ஒரு மேடு ஓடும். அது பிளாட்டிகிரினைட்டீஸ் வகை. அந்த மேட்டைக் கீலா வச்சு தகடு ரெண்டு பக்கமாத்தான் அசையும், ஆனா ஒவ்வொரு தகடும் கொஞ்சம் திரும்பி உக்காந்திருக்கறதால முழுத் தண்டும் முறுக்கிக்கிட்டே போகும், அப்படிப் போறதால எல்லா திசையிலயும் வளைய முடியும். என்ன அழகான தீர்வு பாருங்க! அட்டையில இதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. சில தகடுகளோட வெளிப்பக்கத்துல குட்டி வட்டத் தழும்புகள் இருக்கும், அங்கேர்ந்து பக்கக் கிளைகள் கிளம்பியிருக்கு, தரையையோ வேற ஏதாவதையோ பிடிச்சுக்க. இவ்வளவும் ஒரு கவருக்குள்ள. அதுவும் எதையும் ஒட்டாம, பூசாம, கழுவி மட்டும் குடுத்திருக்காங்க, அதுக்காகவே தனியா ஒரு நன்றி.

அடுத்து கிண்ணம். நெல்லிக்காய் அளவு இருக்கும், பல கோணத் தகடுகள் இடைவெளி இல்லாம இறுகச் சேர்ந்திருக்கு, கேமரேட் வகைன்னு லேபிள், பாத்தா சரியாத்தான் இருக்கு. அடியில தண்டு சேர்ந்த இடம் ஒரு சின்ன வட்டமா தெரியும், விளிம்புல கைகள் உடைஞ்சு போன இடங்கள் அஞ்சு கூட்டமா பிரிஞ்சு நிக்கும், முட்தோலிகளுக்கே உள்ள அந்த அஞ்சு மடங்கு ஒழுங்கு இங்க நேரா எண்ணிப் பாக்கலாம். இந்த வகையில வாய் வெளிய தெரியாது, மேல தகடுகளால ஆன ஒரு கூரை, கைகள்லேர்ந்து வர்ற உணவு கூரைக்கு அடியில இருக்கற வழியா வாய்க்குப் போகும். நட்சத்திர மீனுக்கு வாய் தரையைப் பாத்து இருக்கும், இதுக்கு மேல் பக்கம். கழிவு வர்ற துளையும் மேல் பக்கம்தான், நிறைய இனங்கள்ல அது ஒரு நீளக் குழாயா உயர்ந்து நிக்கும், கழிவு திரும்ப சாப்பாட்டுல கலக்காம இருக்க அது உதவியிருக்கும்.

அந்தத் துளை மேல ஒரு நத்தை உக்காந்த நிலையிலேயே பல கிரைனாய்டு கிண்ணங்கள் கிடைச்சிருக்கு, பிளாட்டிசெராடிட் நத்தைகள்னு பேரு, கோடிக்கணக்கான வருஷம் நீடிச்ச உறவு இது. நத்தையோட ஓட்டு விளிம்பு அந்தக் கிண்ணத்தோட மேடுபள்ளத்துக்கு ஏத்த மாதிரியே வளர்ந்திருக்கும், அப்படின்னா அது அங்கேயே நிரந்தரமா இருந்து கழிவைத் தின்னு வாழ்ந்திருக்கு, சிலது துளை போட்டு உள்ள இருக்கறதைத் திருடவும் செஞ்சிருக்குன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. என் பீஸ்ல நத்தை இல்ல. இருந்திருந்தா ரேட்டிங் நாலரை போட்டிருப்பேன், நிஜமாவே.

சாப்பிடற விதம் தெரிஞ்சாத்தான் இந்தத் துண்டுகள் எல்லாம் ஒண்ணு சேரும். தண்டு எதுக்குன்னா உயரத்துக்கு, கடல் தரையை ஒட்டி நீரோட்டம் மெதுவா இருக்கும், கொஞ்சம் மேல போனா வேகமா இருக்கும், அதுல மிதந்து வர்ற நுண்ணுயிரும் துகளும்தான் இதுக்கு சாப்பாடு. வேற வேற உயரத் தண்டு உள்ள இனங்கள் ஒரே இடத்துல அடுக்கடுக்கா வாழ்ந்ததுக்குக் காரணமும் இதுதான், ஒருத்தர் சாப்பாட்டை இன்னொருத்தர் பிடுங்கல. இன்னிக்கு ஆழ்கடல்ல இருக்கற தண்டுள்ள கிரைனாய்டுகளைப் பாத்தா, நீரோட்டம் வர்ற திசைக்கு முதுகைக் காட்டி, கைகளை ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கி வளைச்சு வச்சிருக்கும், காத்துல பின்பக்கமா மடங்கின குடை மாதிரி, வாய் ஓட்டம் போற திசையைப் பாத்து இருக்கும். தண்ணி கைகளுக்கு இடையில நுழைஞ்சு வெளிய வரும்போது வேகம் குறையும், அப்போ கைகள்ல இருக்கற சிறகு போன்ற கிளைகளோட குழாய்க்கால்கள் துகளைத் தட்டிப் பிடிக்கும். குழாய்க்கால்கள் மூணு மூணா கூட்டமா இருக்கும், நீளமானது பிடிச்சு உள்ள தள்ளும், நடுவுல ஓடற வாய்க்கால்ல குட்டி மயிரிழைகள் அதை வாய் வரைக்கும் கொண்டு போய் சேர்க்கும். உடம்புல சதை ரொம்பக் குறைவு, அதனால இவ்வளவு கொஞ்சம் சாப்பாடே போதும். கை முறிஞ்சா திரும்ப வளரும், எதிரி பிடிச்சா தானே கழட்டி விட்டுட்டும் போகும்.

பாலிஷ் வில்லை பத்தி அதிகம் சொல்ல வேண்டாம், பாக்க அழகு, கிரைனாய்டு தண்டுகள் குறுக்கும் நெடுக்கும் வெட்டுப்பட்டு வெள்ளை வட்டங்களாவும் ஏணிகளாவும் தெரியுது, ஆனா எந்த ஊர்ப் பாறைன்னு லேபிள் இல்ல. ஊர் தெரியாத ஃபாசில் பாதி ஃபாசில்தான். லென்ஸ் பத்து மடங்குன்னு எழுதியிருக்கு, ஓரத்துல மங்கலா தெரியுது, நடுவுல பரவாயில்ல.

இப்போ அந்தப் பலகை. பாக்ஸோட விலையில பாதிக்கு மேல இதுக்காகத்தான் வாங்கறாங்க, விளம்பரமும் இதை வச்சுத்தான். ஸ்கைஃபோகிரினைட்டீஸ்னு போட்டிருக்கு, மொராக்கோவுல ஏராளமா கிடைக்கற வகை, சைலூரியன் முடிஞ்சு டெவோனியன் தொடங்கற சமயம், அதாவது ஏறக்குறைய 42 கோடி வருஷம் பழசு. அந்த இனம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா மத்த கிரைனாய்டு பெரும்பாலும் தரையில பிடிப்பு வச்சு நிக்கும்போது இதோட தண்டு முனையில அறைகளா பிரிஞ்ச ஒரு உருண்டை இருந்துச்சு, லோபோலித்னு சொல்லுவாங்க, அது மிதவையா வேலை செஞ்சு மொத்த விலங்கும் கடல் மேல்மட்டத்துலேர்ந்து தலைகீழா தொங்கிக்கிட்டே மிதந்துச்சுன்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதறாங்க. இவ்வளவு ஆச்சரியமான விஷயம், அட்டையில "கடல் தரையில வேரூன்றி வாழ்ந்தது"ன்னு பொதுவா ஒரு வரி எழுதி முடிச்சுட்டாங்க.

அதை விட பெரிய குறை பலகையிலேயே இருக்கு. ஒரு கிண்ணமும் கைகளும் உண்மையானது, சந்தேகமே இல்ல, தகடுகளுக்கு இடையில பொருத்துக் கோடுகள் தெளிவா தெரியுது, லென்ஸ்ல கைகளோட கிளைகள் கூட தெரியுது. ஆனா கீழ ஓடற தண்டோட ஒரு நீளப்பகுதி செஞ்சு ஒட்டினது. எப்படித் தெரியும்னா, அந்த இடத்துல தகடுகளுக்கு நடுவுல இருக்க வேண்டிய கோடுகள் ஒரே ஆழத்துல ஒரே இடைவெளியில கீறி விட்ட மாதிரி இருக்கு, உண்மையான தண்டுல பெரிய தகடு சின்ன தகடு மாறி மாறி வரும். புற ஊதா டார்ச் அடிச்சா அந்தப் பகுதியும் அதைச் சுத்தி இருக்கற பூச்சும் வேற நிறத்துல ஒளிருது. வினிகர் டெஸ்ட்டை மட்டும் நம்பாதீங்க, பசையில சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருந்தா அதுவும் கொஞ்சம் நுரைக்கும், உண்மையானதோட மேல்பரப்பு வேற அரிச்சுப் போகும். நல்ல பீஸ் மேல ஒரு சொட்டு கூட விடாதீங்க.

சீரமைப்பு செய்யறது குற்றம் இல்ல, மியூசியத்துலயும் செய்வாங்க, ஆனா எங்க எவ்வளவு செஞ்சோம்னு எழுதணும். இங்க "நூறு சதவீதம் இயற்கை"ன்னு லேபிள். மெயில் போட்டேன், "சப்ளையர் அப்படித்தான் சொன்னார்"னு பதில் வந்துச்சு. தோண்டி எடுத்துச் சுத்தம் பண்றவங்களோட உழைப்பு அதுல இருக்கு, அதை மறைச்சு ஏன் விக்கணும், ஒட்டினதுன்னு சொல்லியே வித்தா என்னை மாதிரி ஆளுங்க வாங்கத்தான் போறோம்.

முழுசா இருக்கற கிரைனாய்டு ஏன் இவ்வளவு அபூர்வம்னு புரிஞ்சா இதோட முக்கியம் தெரியும். உதிர்றதுக்கு முன்னாடி புதையணும், அதாவது உயிரோடயோ செத்த உடனேயோ ஒரு புயலோ சேற்றுச் சரிவோ வந்து மூடணும். இண்டியானாவோட க்ராஃபர்ட்ஸ்வில் அப்படிப்பட்ட இடம், அங்க கைகளோட நுனி வரைக்கும் அப்படியே இருக்கற பீஸ்கள் கிடைச்சு உலகம் முழுக்க மியூசியங்களுக்குப் போயிருக்கு. ஜெர்மனியில ஹோல்ட்ஸ்மாடன்ல வேற மாதிரி, 18 கோடி வருஷத்துக்கு முந்தின ஜுராசிக் கடல், அடியில ஆக்சிஜன் இல்லாத சேறு, செய்ரோகிரினஸ்னு ஒரு கிரைனாய்டு மிதக்கற மரக்கட்டையில கூட்டமா ஒட்டி வாழ்ந்துச்சு, தண்டே 20 மீட்டர் வரைக்கும் போகும், கட்டை ஊறிப்போய் மூழ்கினப்போ மொத்தக் கூட்டமும் கீழ போய் அப்படியே பதிஞ்சிடுச்சு. அங்க இருக்கற ஹவுஃப் மியூசியத்துல சுவர் நிறைய அப்படி ஒரு பலகை இருக்கு. நிஜமான பலகை பாக்கணும்னா அதோட போட்டோவையாவது தேடிப் பாருங்க, அப்புறம் கடைப் பலகைகளைப் பாத்தாலே கண்ணு தானா பிரிச்சுடும்.

அட்டையில இன்னொரு தப்பு, "அழிந்துபோன விலங்கு"ன்னு இருக்கு. 25.2 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெர்மியன் முடிவுல வந்த பேரழிவுல கிரைனாய்டு கிட்டத்தட்ட ஒழிஞ்சுதான் போச்சு, தப்பிச்சது ரொம்பக் கொஞ்சம், ஆனா அந்தக் கொஞ்சத்துலேர்ந்துதான் இன்னிக்கு இருக்கற எல்லாமே வந்துச்சு. அப்புறம் ஓடுகளை உடைக்கற மீன், கடித்துத் தின்கிற கடல் முள்ளெலி எல்லாம் பெருகப் பெருக, தண்டுள்ள வகைகள் பெரும்பாலும் ஆழத்துக்கு ஒதுங்கிடுச்சு, பவளப்பாறையில இன்னிக்கு நாம பாக்கறது தண்டே இல்லாத இறகு நட்சத்திரங்கள். அதுவும் குட்டியா இருக்கும்போது கொஞ்ச காலம் தண்டோடதான் இருக்கும், பிறகு கழட்டி விட்டுட்டு நகர ஆரம்பிக்கும், 1827-ல ஜான் வாகன் தாம்ஸன் அயர்லாந்தோட கார்க் பக்கத்துல கிடைச்ச குட்டித் தண்டு கிரைனாய்டை விவரிச்சார், பிறகு அது இறகு நட்சத்திரத்தோட குழந்தைப் பருவம்னு அவரே கண்டுபிடிச்சார். 1864-ல நார்வேயோட லோஃபோடன் பக்கம் ஆழத்துலேர்ந்து உயிருள்ள ஒரு தண்டு கிரைனாய்டு மேல வந்தது ஆழ்கடல் ஆராய்ச்சிக்கே ஒரு தூண்டுதல் ஆச்சு, 1872-ல கடல்களை ஆராய சேலஞ்சர் கப்பல் கிளம்பினதுல அதுக்கும் பங்கு உண்டு.

தண்டுள்ளது நகராதுன்னு நினைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. கிராண்ட் பஹாமா தீவு பக்கத்துல சுமார் 400 மீட்டர் ஆழத்துல நீர்மூழ்கியிலேர்ந்து எடுத்த வீடியோவை ஆய்வாளர்கள் பாமில்லரும் மெஸ்ஸிங்கும் 2005-ல வெளியிட்டாங்க, அதுல ஒரு தண்டு கிரைனாய்டு கைகளை ஊன்றி தண்டை இழுத்துக்கிட்டே தவழ்ந்து போகுது, வினாடிக்கு 4, 5 சென்டிமீட்டர். கடல் முள்ளெலிகள் வந்தா தப்பிச்சு ஓடத்தான் இப்படின்னு அவங்க விளக்கம். அந்த வீடியோவைப் பாத்துட்டு பக்கக் கிளைத் தழும்பு உள்ள தண்டுத் துண்டை மறுபடி கையில எடுங்க, பிடிச்சுக்கவும் விட்டுடவும் அந்தக் கிளைகள் எவ்வளவு முக்கியம்னு புரியும்.

ஆக யார் வாங்கலாம்? பள்ளிக்கூட லேபுக்கோ ஆர்வமுள்ள பிள்ளைக்கோ வாங்கறீங்கன்னா முழு பாக்ஸ் வேண்டாம், தண்டுத் துண்டு கவரும் கிண்ணமும் தனித்தனியாவும் விக்கிறாங்க, அதை மட்டும் எடுங்க, லென்ஸ் நல்லதா வேற இடத்துல வாங்கிக்கலாம். மொராக்கோ பொருள்தான் வேணும்னா பலகைக்குப் பதிலா ஒரு லோபோலித் கேளுங்க, குறுக்க வெட்டினது இருந்தா இன்னும் நல்லது, உள்ளறைகள் தெரியும். எதை வாங்கினாலும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி எந்த ஊர், எந்த பாறை அடுக்கு, ஒட்டு வேலை இருக்கான்னு மூணையும் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. அட்டையை மாத்தறதா கடைக்காரங்க எனக்கு எழுதியிருக்காங்க, புது அட்டை வந்து அது சரியா இருந்தா அரை ஸ்டார் ஏத்தி இதுலயே மாத்திப் போடறேன்.